ஒன்பதடிக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 27, 2025, புதன்

இன்று பிள்ளையார் சதுர்த்தி. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி அமலுக்கு வந்ததும் இன்றுதான். 7-ஆம் தேதி 25, இன்றைக்கு இன்னொரு 25.

கொழுக்கட்டை வெந்துகொண்டிருக்கும்போது போன். “அண்ணா, அந்த ஸ்டைல் எதுவும் போட்டோ எடுக்க வேண்டாங்க. ஹோல்டுல இருக்கட்டும்.” எப்போதும் “இன்னிக்கே வேணும்ங்ணா” என்று பறக்கிற மெர்ச்சண்டைசர் பெண். இன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள்.

சாம்பிள்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ரவுண்ட் நெக், போலோ, குழந்தைகள் நைட் டிரஸ். வெள்ளைப் பின்னணி, இரண்டு விளக்கு, ஒரு 24-70 லென்ஸ். எங்கள் திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு என்பார்கள்; என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் அங்கே போவதுதான். எல்லாம் பாலிதீன் கவரோடு அலமாரியில் அடுக்கியிருக்கிறது. இனி வரும் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று தோன்றுகிறது. அதனால் இந்த நோட்டு. பையனின் பழைய கணக்கு நோட்டில் மீந்த பக்கங்கள்.

ஆகஸ்ட் 29

போன் அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மச்சான் கோவையிலிருந்து வந்தார். தோள்பட்டைக்கு வைத்தியம் நடக்கிறது, மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாதாம். தன் 150-600 ஜூம் லென்ஸை என் மேசையில் வைத்துவிட்டு, “வீட்ல உக்காந்து டிவி பாத்தா பைத்தியம் புடிச்சிரும் மாப்ள. நஞ்சராயன் குளத்துக்குப் போ” என்றார்.

என் 24-70-இன் ஜூம் வளையத்தை 70-இல் வைத்து டேப் ஒட்டி வருஷக்கணக்காகிறது. எல்லா சாம்பிளும் ஒரே அளவில் தெரிய வேண்டும், பையர் கேட்பது அதைத்தான். ஜூம் என்று பெயர்; ஜூம் பண்ணியதே இல்லை. இதுவோ கிட்டத்தட்ட இரண்டு கிலோ. கேமராவைவிட லென்ஸ் கனம், அதனால் கேமராவைப் பிடித்துத் தூக்கினால் மவுண்ட்டுக்கு ஆபத்து; லென்ஸின் காலரைப் பிடித்துத் தூக்க வேண்டும். இடது உள்ளங்கை அடியில், முழங்கை விலாவை ஒட்டி. 150-இலிருந்து 600-க்குத் திருப்பினால் குழல் வெளியே நீள்கிறது, எடை முன்னால் சாய்கிறது, உள்ளங்கையும் கூடவே நகர வேண்டியிருக்கிறது. தோளில் தலைகீழாகத் தொங்கினால் குழல் தானாக இறங்கிவிடும். அதற்கொரு பூட்டு உண்டு. நடக்கும்போது பூட்டு, பார்க்கும்போது திற. மாலை முழுக்க மொட்டை மாடியில் இதையே பழகினேன். பக்கத்துத் தெருவின் தண்ணீர்த் தொட்டி எழுத்துகள், அதற்கப்பால் தென்னை மட்டையில் ஒரு மைனா. இரவு இடது மணிக்கட்டு வலித்தது. நல்ல வலி.

செப்டம்பர் 3

மூட்டம். 150-இல் எஃப் 5 திறக்கிற லென்ஸ் 600-இல் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. அதிகமாக இழுத்தால் வெளிச்சமும் குறையும். ஐஎஸ்ஓ ஏறி ஏறி, மைனா மேல் மணல் தூவினமாதிரி ஆயிற்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

விடியும் முன் கிளம்பி நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி ரோடு ஆளில்லாமல் கிடந்தது. பத்துக் கிலோமீட்டர்தான், இத்தனை வருஷத்தில் கரையில் நின்றதில்லை. சுமார் 126 ஹெக்டேர். நல்லாற்று வெள்ளத்தை வாங்கி வைக்கிற குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற அரசன் செப்பனிட்டதால் இந்தப் பெயராம். 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த எண்ணை இரண்டு தடவை படித்தேன்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் இப்படித்தான் ஊர் நின்றது. அப்போதும் போன் அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் காரணம் கண்ணெதிரே, ஆற்றில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்றது. கோபப்படவும் வெட்கப்படவும் திருத்திக்கொள்ளவும் வழி இருந்தது. இன்றைய காரணம் எங்கேயோ ஒரு மேசையில் இருக்கிறது. பவர்டேபிளில் உட்கார்ந்து தைக்கிற ஒருவர் எதைத் திருத்திக்கொள்வார்?

பறவைக்கு வருகிறேன். 600-இல் லென்ஸ் பார்க்கும் அகலம் நாலு டிகிரிதான், என் சின்ன சென்சார் கேமராவில் இன்னும் குறைவு. அந்தச் சந்துக்குள் தேடினால் நாணலுக்குப் பின் நாணல் வரும், பறவை வராது. மச்சான் சொன்ன முறை: 150-இல் அகலமாகப் பார், பறவையை நடுவில் வை, அப்புறம் இழு, இழுத்தபின் மறுபடி போகஸ். இழுக்கும்போது போகஸ் நழுவாத லென்ஸ்கள் சினிமாக்காரர்களிடம் உண்டு. நம்மைப்போன்றவர்களின் ஸ்டில் ஜூம்களில் பெரும்பாலும் நழுவும். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன ஃபிராங்க் பேக் வடிவமைத்த ஃபோக்ட்லேண்டர் ஸூமார், 36-82, 1959-இல் வந்தது; 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு அதுதான் முதல் ஜூம். மச்சான் போனில் இதையெல்லாம் சொல்லும்போது தோள்வலி மறந்துபோகிறது அவருக்கு.

ஒரு நீலத்தாழைக்கோழி கிடைத்தது. சிவந்த அலகு, தண்டை ஒரு காலால் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. ஷட்டர் 1/1000. நடுக்கத் தடுப்பு என் கையை நிறுத்தும், பறவையின் கழுத்தை நிறுத்தாது, அதற்கு ஷட்டர்தான். வெயில் ஏறியதும் தண்ணீர்மேல் காற்று நெளிய ஆரம்பித்தது. நெளிகிற காற்றுக்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை. எட்டரைக்கு மூட்டை கட்டினேன்.

இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

செப்டம்பர் 11

வாரப் பத்திரிகை நண்பன் கூப்பிட்டான். வரி பற்றி அட்டைக் கட்டுரை. “ஒரு படம் போதும். பார்த்ததும் புரியணும்.” என்ன புரிய வேண்டும் என்று கேட்டேன். “வேலையில்லாம நிக்கிற கூட்டம்.”

செப்டம்பர் 13, சனி

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு கம்பெனித் தெரு. முன்பெல்லாம் ஒன்றரை ஷிப்ட் ஓடும், இரவு எட்டரைக்கு விடுவார்கள். இப்போது ஐந்தரைக்கே விடுகிறார்கள். தெருக்கோடியில், முந்நூறு மீட்டர் தள்ளி நின்று 600-இல் எடுத்தேன். தலைக்கு மேல் தலை. டிபன் பை, துப்பட்டா, சைக்கிள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு, பின்னாலிருக்கும் புகைபோக்கி அவர்கள் தோளில் நிற்கிறது. பார்க்க நெஞ்சை அடைக்கிற படம்.

பிறகு கேட்டருகே போய், டேப்பைப் பிய்த்துவிட்டு 24-இல் எடுத்தேன். அதே தெரு, அதே பத்து நிமிஷம். ஆங்காங்கே ஐந்தாறு பேர். நடுவில் நிறையத் தார் ரோடு. ஒரு நாய்.

இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு இரவு ஒரு மணிவரை உட்கார்ந்திருக்கிறேன். லென்ஸ் நெருக்குகிறது என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். நெருக்குவது நான் நின்ற தூரம். பத்தடி முன்னால் வருகிறவரும் பத்தடி பின்னால் வருகிறவரும் முந்நூறு மீட்டரிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒரே அளவாய், ஒட்டிக்கொண்டு தெரிகிறார்கள். ஜூம் அந்தத் துண்டை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில், ஊரடங்கை மக்கள் மதிக்கவில்லை என்று சண்டை நடந்தபோது, டென்மார்க்கின் ரிட்ஸாவ் ஸ்கான்பிக்ஸ் செய்தி நிறுவனத்துப் படக்காரர்கள் ஒரே வரிசையை டெலி லென்ஸிலும் அகல லென்ஸிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் நெரிசல், மற்றதில் ஒழுங்கான இடைவெளி.

எனக்கு டென்மார்க் வரை போக வேண்டியதில்லை. 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தது, கலெக்டர்கள் மறுத்தார்கள். என் ஸ்டுடியோ பக்கத்து வீட்டு பீகார் பையன் மட்டும் மூட்டை கட்டினான். நாலு வருஷமாக என் மனைவி கையால் டீ குடித்தவன். “உங்களை நம்பறேன் அண்ணா. அம்மா போன்ல படம் பாத்துட்டு அழறாங்க” என்றான்.

முதல் படம் பொய்யில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள், வேலை குறைந்தது நிஜம். இரண்டாவது படத்தைப் பார்ப்பவர், ‘ஊர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதுவும் நியாயமில்லை.

செப்டம்பர் 14

அனுப்பவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

உள்நாட்டு விற்பனைக்குப் பனியன் போடுகிற ஒருவர் நிட்டிங் பட்டறையைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். காதர்பேட்டைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். முன்பணம் தந்தார், கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. 150-600-ஐ அங்கே எடுத்துப்போகவில்லை. குழல் நீண்டு சுருங்குகிற லென்ஸ், ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கும். வட்ட நிட்டிங் மெஷின்களைச் சுற்றிப் பஞ்சு மிதக்கிற காற்று அது. இருபது வருஷம் அந்தக் காற்றில் நிற்கிற ஆப்பரேட்டர் முகத்தில் கைக்குட்டைதான் கட்டியிருந்தார். நான் லென்ஸை ஜிப் போட்ட பைக்குள் வைத்து வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

குளம். ஊசிவால் வாத்துகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார் வாட்ச்சர். எதிர்க்கரையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். 600-இல் பார்த்தேன், ஒரு படமும் எடுத்தேன். தோளோடு தோள் உரச ஒரு வரிசை, எல்லா முகமும் ஒரே பக்கம். நண்பன் கேட்ட படம் இதுதான் என்று கை சொன்னது.

பூட்டைப் போட்டுவிட்டுக் கரையைச் சுற்றி நடந்தேன். வெகுநேரம் ஆயிற்று. போய்ப் பார்த்தால் ஒருவருக்கொருவர் பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அக்கா மாட்டை மேயவிட்டிருந்தார். கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்களாம்.

“ஏனுங் தம்பி, அந்தப் பக்கமிருந்து எங்களத்தான் புடிச்சீங்களா?”

திரையில் காட்டினேன். உற்றுப் பார்த்தார். ஒரு துணியில் ஊசி ஓட்டையைத் தேடுகிற கண் அது. பிடித்துக்கொண்டார். “நாங்க எங்கீங் இப்பிடி ஒட்டி உக்காந்தோம்? அவ கூட நான் பேசியே ஆறு மாசம் ஆச்சுங்.” பிறகு, “மாட்டக் காணோமே?” என்றார்.

மாடு சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

பக்கத்தில் கல்லில் உட்காரச் சொன்னார். தீபாவளி போனஸ் வருமா வராதா, மகள் நர்சிங் இரண்டாம் வருஷம், பீஸ் கட்டத் தோட்டை அடகு வைத்தது, எல்லாம் சொன்னார். படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று நானே கேட்டேன். சரி என்றார். கேமராவைத் தூக்கினால் போகஸ் ஆகவில்லை. இந்த லென்ஸுக்கு ஒன்பதடிக்கு இந்தப் பக்கம் இருப்பது தெரியாது. முன்னும் பின்னும் மோட்டார் முனகியது. எழுந்து தள்ளிப் போய் எடுக்கலாம். பேச்சு பாதியில் இருந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அக்கா கம்பெனியில் போனஸ் கொடுத்துவிட்டார்கள், போன வருஷத்தைவிடக் குறைவு. எங்கள் வீட்டில் பையனுக்கு மட்டும் புதுத்துணி. பனியன் ஊரில் இதை எழுதக் கை கூசுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

வரித்தலை வாத்துகள் வந்துவிட்டனவா என்று பார்க்கப் போனேன். இமயத்தைத் தாண்டி வருகிற பறவை, சில வருஷம் இந்தக் குளத்தில் இறங்கியிருக்கிறது. இன்று இல்லை. நாமக்கோழிகள் நிறைய.

மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். எழுத்தாளர் மாதவையாவின் மகன். வேறு வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அவரிடம் 600 இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அக்கா இல்லை. மாடு மட்டும் கட்டியிருந்தது.

நவம்பர் 23

மழை. லென்ஸை சிலிகா ஜெல் பாக்கெட்டுகளோடு டப்பாவில் வைத்தேன். கண்ணாடிக்குள் பூசணம் வந்தால் மச்சான் முகத்தில் முழிக்க முடியாது.

டிசம்பர் 7, ஞாயிறு

மச்சானுக்குத் தோள் தேவலை. அடுத்த ஞாயிறு லென்ஸைக் கொண்டுவரச் சொன்னார்.

ஐரோப்பிய பையர் ஒருவருக்குச் சில சாம்பிள்கள் வந்திருக்கின்றன, குழந்தைகள் டீ-ஷர்ட். 70-இல் வைத்து டேப் ஒட்டினேன். அமெரிக்கச் சரக்கு இன்னும் அலமாரியில்.

காலையில் 24-70-ஐ எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய், அக்காவை மாட்டோடும் கரையோடும் எடுத்தேன். பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் கம்பெனிக் கூரைகள் சின்னதாக. “இது வேணும்ங், பிரிண்ட் போட்டுக் குடுங்க” என்றார். எதிர்க்கரைப் படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். “அதையும் வெச்சிருங்க. மகளுக்குக் காட்டோணும். இப்பிடியும் தெரியுமான்னு.”

நண்பன் வரி பற்றி இரண்டாவது கட்டுரை எழுதுகிறானாம். செப்டம்பர் படங்களை மறுபடி கேட்டிருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதானால் தருகிறேன், எடுத்த தூரத்தையும் கீழே போட வேண்டும் என்று எழுதினேன். ஒரு படத்துக்குத்தான் இடம் இருக்கிறது, நீயே சொல், எது என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை பக்கம் மூடுகிறார்கள்.