ஊஞ்சல் போச்சு, பாட்டு இருக்கு!

பாங்காக்னு சொன்னதும் ஷாப்பிங், மசாஜ்னு கண்ணடிக்கிற பார்ட்டியா நீங்க? கொஞ்சம் வெயிட் பண்ணுங்க பாஸ்! 1782-ல் முதலாம் ராமா தலைநகராக்கிய அந்த ஊருக்குள்ள நம்ம மார்கழியே ஒளிஞ்சிருக்கு!

காலையில முதல் ஸ்டாப், அரண்மனை. தோளும் முட்டியும் மறையுற டிரெஸ் கட்டாயம். வழியில யாராச்சும், 'இன்னிக்கு அரண்மனை லீவு, டுக்டுக்ல வேற இடம் காட்டுறேன்'னு பாசமா கூப்பிட்டா நம்பாதீங்க. நேரா டிக்கெட் கவுன்டருக்கு நடையைக் கட்டுங்க!

உள்ளே மரகத புத்தர் கோயில். சுத்துச் சுவர்ல 178 ஓவியங்களா விரியுது அவங்க ராமாயணமான 'ராமகியன்'. இதில் அனுமார் பிரம்மச்சாரி இல்லை! சேது பாலத்தைக் கலைக்க வந்த ராவணன் மகள், ஒரு மீன் இளவரசி. அவகிட்டயே மனசைப் பறிகொடுத்துடுறார்.

பக்கத்துல வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்கு ஹாயா சாய்ந்திருக்கிறார் புத்தர். படகுல ஆத்தைத் தாண்டினா வாட் அருண். சீனப் பீங்கான் துண்டுகளைப் பதிச்சே கோபுரத்தை இழைச்சிருக்காங்க.

திரும்பி வந்து சனாம் சாய்ல மெட்ரோ ஏறுங்க. அடுத்த ஸ்டேஷன் சாம் யோட்ல இறங்கி நடந்தா, 'சாவோ சிங் சா'. உயரமான ரெண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம். அவ்ளோதான். இது ராட்சத ஊஞ்சல்னா, பலகை எங்கே?

முன்னே இருந்தது. திருவிழாவில் அந்தரத்துல ஆடிக்கிட்டே, கம்பத்துல கட்டின காசு முடிப்பைப் பல்லால் கவ்வணும்! விழுந்து உயிர்விட்டவங்க உண்டு. 1935-ல் ஆட்டத்துக்குத் தடை. தூண்கள் மட்டும் 2007-ல் புதுத் தேக்கில் மறுபடி நின்னுச்சு.

பலரும் தூண்களோட ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. நீங்க ரோட்டைத் தாண்டுங்க. தேவஸ்தான் கோயில். சிவன், பிள்ளையார், பெருமாள் மூணு பேருக்கும் தனித்தனி சந்நிதி. அந்த ஊஞ்சல் திருவிழாவின் பேர் 'திரியம்பாவாய்'. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம திருவெம்பாவையேதான்! ஆட்டம் நின்னாலும் பூஜை நிக்கலை. தமிழ் பேசத் தெரியாத குருமார்கள், வருஷா வருஷம் அந்தப் பாட்டை அவங்க உச்சரிப்பில் ஓதுறாங்க.

அர்த்தம் தொலைஞ்சும் அங்கே ஓசை பிழைச்சிருக்கு. அர்த்தம் புரியக்கூடிய நம்மள்ல எத்தனை பேருக்கு அதில் ஒரு பாட்டாவது மனப்பாடம்? மாணிக்கவாசகர் எழுதினது மொத்தமே 20 பாட்டுதான். ஃப்ளைட்லயே படிச்சு முடிச்சுடலாம்!