நாளையிலிருந்து...

எங்கள் வீடு அத்திப்பட்டில். சர்க்கரை வியாதியால் கால் விரல்களைப் பறிகொடுத்தவள் என் அம்மா. எனக்கும் அது வந்தபோது, "தினம் அரை மணி நடங்க" என்றார் டாக்டர். "நாளையிலிருந்து..." என்றே ஆறு மாதம் ஓட்டினேன். சாக்குக்கா பஞ்சம்? வெயில், வேலை, லாரிப் புழுதி!

மனோதத்துவம் படிக்கும் என் பெண் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, 'செய்வேன்'னு நினைச்சா போதாது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்'னு முன்னாடியே முடிச்சுப் போட்டுக்கணும். கோல்விட்ஸர்னு ஒரு ஜெர்மன் அறிஞர் 1999-லேயே எழுதியிருக்கார்."

'இவர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் செருப்பை மாட்டுவேன்' என்று முடிச்சுப் போட்டேன். இப்போது வண்டிச் சத்தம் தேய்ந்ததுமே கால் வாசலுக்குப் போய்விடுகிறது. மனசோடு மல்லுக்கட்டுவது குறைந்துவிட்டது. மாத்திரையை விடவில்லை, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது.

நீங்களும் ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்களேன், சகோதரிகளே!