கடைமடைக்கு வந்து சேராத பணம்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும், எங்கள் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். ஷட்டர் பழுது, தூர் வாராத இடம் என்று எங்கே நின்றாலும் காய்வது எங்கள் நாற்றுதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 3 ஏக்கர் பயிர் செய்கிறேன். மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினரான பிறகு, அரசு பட்ஜெட்டும் இதே மாதிரிதான் என்று புரிந்தது.

சட்டசபையில் 'இத்தனை கோடி' என்று அறிவிப்பது அணை திறக்கிற மாதிரி. அப்புறம் அரசாணை வர வேண்டும், நிதியை விடுவிக்க வேண்டும், அது பள்ளிக் கணக்குக்கு வந்து சேர வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், 2024-25-ல் சுமார் 2,152 கோடி ரூபாய் மத்தியப் பங்கு நின்றுபோனது. நியாயம் யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், காய்ந்தது கடைமடை.

எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் ஆடி மாதம் கழிப்பறை மோட்டார் கெட்டது. பராமரிப்புப் பணம் வந்தது பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்களில், வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். வந்த பணத்தை மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும் என்று அவசர அவசரமாகக் கணக்கு முடித்தோம். கதிர் முற்றிய பிறகு உரம் போட்டு என்ன பயன்?

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்குக் கிடைத்தால் ஒரு நடை. இருப்பு குறைந்து 10 நாளுக்கு மட்டும் கொடுத்தால் மூன்று நடை. மூன்று நாள் கூலி போகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை வீட்டுக்கே வரும் மாதங்களில்தான் அம்மா விடாமல் சாப்பிடுகிறார்.

இப்போது எங்கள் குழு ஒரு வேலை செய்கிறது. ஜூன் மாதமே பழுதுகளைப் பட்டியல் போட்டு, விலை விசாரித்து, தீர்மானம் எழுதி வைத்துவிடுகிறோம். பணம் வந்த வாரமே வேலை தொடங்கிவிடுகிறது. சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். வரவு செலவைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. மாத்திரைத் தட்டுப்பாட்டைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கரையோடு நடந்து பார்க்கிறவர்கள்தானே நாம்? இந்தப் பணத்தையும் அப்படியே தேடிப் போய்ப் பார்ப்போம்.