ஐயாவின் குரலும் பேரனின் தாளமும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், பல்கலைக்கழகத்திற் கற்கும் என் பேரன், காதிலே மாட்டும் கருவியொன்றை என் தலையிற் பொருத்தி, "அப்பப்பா, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ" என்றான். மூடினேன். முதலில் நீண்டதொரு சுருதி எழுந்தது. அது தம்புராவும் அன்று, ஆர்மோனியமும் அன்று. மின்னாற் பிறந்த ஓர் ஒலி. அதன்மீது ஒரு மனிதக் குரல் இலத்தீன் மொழியிற் பாடிற்று. நாலாவது சொல்லிலேயே அக்குரல் யாருடையதென்று அறிந்து திடுக்கிட்டேன். 1984ஆம் ஆண்டிலே காலமான என் தந்தையாரின் குரல் அது! அடுத்த கணம் இயந்திரத் தாளமொன்று அவருடைய பாட்டின் காலடியிலே இடிக்கத் தொடங்கிற்று.

கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன். கோபமா, துக்கமா என்று எனக்கே விளங்கவில்லை. பேரனின் முகம் வாடிப்போயிற்று.

ஐயா கடற்றொழில் செய்தவர். யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கிராமமொன்றிலே, பகலிற் கடலும் மாலையிற் கோவிலுமாக வாழ்ந்தவர். பூசைக்குரிய இலத்தீன் பாட்டுக்களைப் பிரெஞ்சு தேசத்துக் குருவானவர் ஒருவரிடம் காதாற் கேட்டே கற்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமலமரித் தியாகிகள் சபையினரிற் பலர் பிரெஞ்சுக்காரர் என்பது வாசகர்கள் அறிந்ததே. பாட்டுக்களையெல்லாம் தமிழ் எழுத்திலே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சிறுவர்களாகிய நாங்கள் அதைப் பார்த்து, பொருள் ஒரு சொல்லும் அறியாமல், மிகுந்த பக்தியோடு பாடினோம். பிற்காலத்திலே பிரான்சிற் புகழ்பெற்ற 'ஈரா' என்னும் இசைக்குழு, இலத்தீனைப் போல ஒலிக்கும் பொருளற்ற சொற்களை அமைத்து 1996இல் ஒரு பாட்டை வெளியிட்டது என்று அறிந்தபோது, எங்கள் பாடகர் குழுவை நினைத்துச் சிரித்தேன்.

அந்த இசைக்குக் கிரகோரியன் இசை என்று பெயர். 604ஆம் ஆண்டிலே காலமான பாப்பரசர் முதலாம் கிரகோரியாரின் பெயரைத் தாங்கியிருப்பினும், இன்று நாம் அறிந்த உருவிலே அது 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கியரின் நாட்டிலே திரண்டது என்பதே ஆராய்ச்சியாளரின் கருத்து. எத்தனை பேர் பாடினும் ஒரே மெட்டுத்தான். பக்க இசை இல்லை. தாளமும் இல்லை. நம்மவர் விருத்தம் பாடுவதை எண்ணிப் பாருங்கள். சொல் எங்கே நீள வேண்டுமோ அங்கே நீளும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடங்கும். அதன் எட்டு வகைச் சுரவரிசைகளுள் முதலாவது நமது கரகரப்பிரியாவை ஒத்தது. ஆகவே ஐயாவின் காதுக்கு அது அந்நியமாக இருந்திருக்க மாட்டாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இவ்விசைக்கு வழிபாட்டில் முதன்மையான இடம் அளிக்க வேண்டும் என்றே எழுதிற்று. ஆயினும் பூசை தாய்மொழிக்கு வந்ததும் இலத்தீன் பாட்டு மெல்ல மெல்ல மறைந்தது. தமிழிற் பூசை கேட்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஐயாவும் அதை எதிர்த்ததில்லை. கொப்பியை மட்டும் பெட்டியிலே பூட்டி வைத்தார். 1979இல் உறவினர் ஒருவர் கொண்டுவந்த ஒலிப்பதிவுக் கருவியின் முன் அவரை இருத்தி, ஒரு கசெற் நிறையப் பாட வைத்தோம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே கொப்பி போயிற்று. கசெற் என் சட்டைப்பையில் இருந்தபடியால் தப்பிற்று.

இந்தக் கலப்பு இசை எனக்குப் புதிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991இல் கொழும்பிலே ஒரு கசெற் கடையைக் கடந்து சென்றபோது, குருத்தோலை ஞாயிற்றுப் பவனி புறப்படுமுன் பாடப்படும் அழைப்பும் மறுமொழியும் உள்ளிருந்து கேட்டன. கால்கள் தாமாகவே நின்றன. உடனே இயந்திரத் தாளம் சேர்ந்தது. ஜப்பானிய மூங்கிற் குழல் ஒன்று விம்மிற்று. பிறகு ஒரு பெண் பிரெஞ்சு மொழியிலே இரகசியம் பேசினாள். எனிக்மா என்னும் பெயரில் மைக்கேல் கிறெட்டு 1990இல் வெளியிட்ட பாட்டு அது. அவர் ருமேனியாவிற் பிறந்து ஜெர்மனியில் இசைத் தொழில் செய்தவர். பாட்டின் பெயர் எந்தப் பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரிலிருந்து வந்தது என்பதைக் குடும்பப் பகுதியில் விளக்காமல் விடுவதே உத்தமம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அது முதலிடம் பெற்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பாட்டு முடியும் வரை நான் அக்கடை வாசலிலேயே நின்றேன்.

பாடிய குரல்கள் கிறெட்டுவின் ஆட்களுடையவை அல்ல. கப்பெல்லா அந்திக்வா என்னும் மியூனிச் நகரப் பாடகர் குழு 1976இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. பதிவான ஒலியின் ஒரு துண்டை இலக்கங்களாக மாற்றிக் கருவியிலே ஏற்றிவிட்டால், பிறகு அதை வெட்டலாம், நீட்டலாம், திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்யலாம். குறுந்தட்டின் கணக்கிலே ஒரு விநாடிக் குரல் 44,100 துளிகளாகப் பிரிக்கப்படுகிறது. மெட்டு ஆயிர வருடப் பழமையானது. அதற்கு உரிமைக்காரர் இல்லை. ஆனால் குரல்? தம் அனுமதியின்றித் தம் பாட்டை எடுத்து உருமாற்றிவிட்டார்கள் என்று அப்பாடகர்கள் வழக்காட, இழப்பீட்டுடன் விவகாரம் முடிந்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது நியாயம் என்று தலையசைத்தவன் நான். அதே கேள்வி என் வீட்டு வாசலுக்கு வரும் என்று அப்போது எண்ணவில்லை.

"பூட்டனாரின்ர குரலை ஒருத்தரும் கேட்காமல் பெட்டிக்குள்ள கிடந்து அழியிறதிலும் பார்க்க, இது நல்லதுதானே அப்பப்பா?" என்று பேரன் கேட்டான். அவன் கேட்டது தவறன்று. ஸ்பெயினிலே சிலோஸ் மடத்துத் துறவிகளின் பழைய பதிவுகள் 1994இல் மீண்டும் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்பனையானபோது, தாளமும் குழலும் இல்லாத அந்த வெறுங்குரலை வாங்கியவர்களுட் பலரின் காதை எனிக்மாவின் பாட்டே பழக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொன்றும் அவன் சொன்னான். 1956இலேயே கொலோன் நகர வானொலி நிலையத்தில் ஸ்டொக்ஹவுசன் என்பவர், தானியேல் ஆகமத்திலே தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞரின் கீதத்தை ஒரு சிறுவனைக் கொண்டு பாடுவித்து, மின்னொலிகளோடு இழைத்து ஓர் இசை அமைத்தாராம். நான் ஐயாவின் பக்கத்தில் நின்று இலத்தீன் பாடத் தொடங்கிய காலம் அது!

சுருதியை நான் எதிர்க்கவில்லை. அது கற்கோவிலின் எதிரொலியைப் போலக் குரலுக்குக் கீழே தாழ்ந்து நிற்கிறது. தாளந்தான் தைத்தது. தாளத்துக்குப் பொருந்தும்படி ஐயாவின் மூச்சை வெட்டியிருந்தான். விருத்தத்துக்கு மத்தளம் அடிப்பவனை யார் பொறுப்பார்?

அனுமதி கொடுக்க நான் ஒருவன் போதுமா என்ற ஐயத்தால், கனடாவிலிருக்கும் என் தங்கைக்கு அதை அனுப்புவித்தேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தாள். அழுதிருக்கிறாள் என்பது குரலிலே தெரிந்தது.

"தாளம் வேண்டாம் எண்டு சொன்னீங்களாமே அண்ணை? ஐயா தாளமில்லாமலே பாடினவர்?"

"கோவிலிலே வேறென்ன?"

"கோவிலை விடுங்கோ. கூத்திலே மத்தளத்துக்கு முன்னால நிண்டு விடியவிடியப் பாடினவர். வலை பொத்தேக்கை இந்த இலத்தீன் பாட்டைத்தான் பாடுவார். வள்ளத்துப் பலகையிலே கையாலே தட்டித் தட்டி. நீங்கள் அப்ப விடுதியிலே படிச்சுக்கொண்டிருந்தனீங்கள். நான்தான் பக்கத்திலே இருந்தனான்."

நான் பேசவில்லை. என் தந்தையாரை நான் கோவிலிலே மாத்திரம் அறிந்திருக்கிறேன் போலும்.

பேரன் தொலைபேசியை வாங்கி, அந்தத் தட்டல் எப்படியிருந்தது என்று கேட்டான். அவள் அங்கே மேசையிலே தட்டிக் காட்டினாள்; இவன் இங்கே பதிவு செய்தான். தன் இயந்திரத் தாளத்தை நீக்கி, வெட்டிய மூச்சுக்களையும் பழையபடி சேர்த்துவிட்டான். இப்போது மூன்று இரவுகளாகத் தங்கையின் தட்டலை எண்ணிக்கொண்டிருக்கிறான். நாலுக்கும் அமையவில்லை, ஏழுக்கும் அமையவில்லை. ஐயா மூச்சு வாங்கும் இடத்திலே அது நின்று நின்று போகிறதாம்.