எக்ஸ் தீவில் பாசி தேடியது

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தாத்தா, எக்ஸ் தீவுக்குப் பாசி பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்றாள். அவள் தாவரவியல் படிக்கிறாள். நான் நெப்போலியனுக்காகக் கிளம்பினேன். 1815 ஜூலையில் அவர் பிரெஞ்சு மண்ணில் கடைசியாகத் தங்கிய இடம் அது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன் ஆயிற்றே.

ஃபூராவிலிருந்து படகில் அரை மணிகூட ஆகவில்லை. சுண்ணாம்புக்கல் தீவு. மூன்று கிலோமீட்டர் நீளம் இருக்கும். நடை, இல்லாவிட்டால் சைக்கிள்.

பிரெஞ்சில் லா மூஸ் என்றால் பாசி, நுரைக்கும் அதுதான். லெ மூஸ் என்றால் கப்பலில் எடுபிடி வேலை செய்யும் பையன். இந்த லா, லெ தகராறில் எங்கள் வகுப்பில் மார்க் இழந்தவர்கள் பலர்.

கோட்டை மதிலருகே பேத்தி மண்டியிட்டாள். சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி சுருண்டு கிடப்பதுபோல் ஒரு மெத்தை. கிரிம்மியா என்றாள். பக்கத்தில் காரை இடுக்கில் முறுக்கிக் காய்ந்து கிடந்தது டார்டுலா. செத்துவிட்டது என்றேன். பாட்டில் தண்ணீரைச் சொட்டுவிட்டு லென்ஸைக் கொடுத்தாள். நான் பார்க்கப் பார்க்க முறுக்கு அவிழ்ந்து இலைகள் பச்சையாக விரிந்தன. வேர் கிடையாதாம், இலையாலேயே குடிக்குமாம்.

ஈரல்பாசிக்கு ஈரம் வேண்டும். வெகுநேரம் தேடி, நிழலான ஒரு குழாயடியில்தான் கிடைத்தது. தரையோடு ஒட்டிய பச்சைத் தகடு, மேலே பிறைநிலா வடிவக் கிண்ணங்கள், அதற்குள் பச்சைப் பொட்டுகள். மழைத்துளி விழுந்தால் அவை தெறித்து வேறிடத்தில் முளைக்கும். பேர் லூனுலாரியா. ஈரல் நோய்க்கு மருந்து என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பியதால் பிரெஞ்சிலும் எப்பாதிக் என்கிறார்கள்.

அங்கே நின்றுதான் பேத்தியிடம் சொன்னேன், எனக்குப் பாசியே ஆகாது என்று. அவள் பாட்டி ஐப்பசி மழையில் எங்கள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு எழுந்து நடக்கவேயில்லை. அன்றிலிருந்து கிணற்றடி, மதில் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"வழவழவென்று கொழகொழப்பாக இருந்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் அது மூஸ் இல்லை தாத்தா, அல்க்." தமிழில் நாம் இரண்டையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். இத்தனை வருடம் மதிலில் நான் சுரண்டி எறிந்தது வேறு ஜாதி.

விழுவதற்கு முந்தின நாள் காலையில், "கிணற்றடி வழுக்குது, கொஞ்சம் தேய்த்து விடுங்களேன்" என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன் என்றேன். இதைப் பேத்தியிடம் சொல்லவில்லை. கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. நெப்போலியன் தங்கிய வீட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஊருக்குத் திரும்பியதும் மதிலை விட்டுவிட்டேன். இந்த மழைக்கு நன்றாகவே படர்ந்திருக்கிறது. கிணற்றடியை மட்டும் சனிக்கிழமைதோறும் தேய்க்கிறேன்.