அறிக்கை யாருக்கு?

சென்ற வாரம் எங்கள் துறையின் வாசிப்பு வட்டத்தில் 2020 தேசியக் கல்விக் கொள்கையின் மதிப்பீடு பற்றிய பகுதியை எடுத்துக்கொண்டோம். ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவரின் தன்மதிப்பீடும் சக மாணவரின் மதிப்பீடும் இடம்பெறும் முழுமையான முன்னேற்ற அட்டை ஒன்றை அக்கொள்கை முன்வைக்கிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே முக்கியமான இணைப்பாக அது அமையும் என்றும் கூறுகிறது. நண்பர்கள் வரவேற்றார்கள்; நானும் வரவேற்றேன். ஆயினும் 'இணைப்பு' என்ற சொல் அன்றிரவு முழுவதும் என்னை உறுத்தியது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இணைப்பாக இருந்தவள் நான். அதை அறுத்தவளும் நானே.

என் பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் தில்லி வந்தவர்கள். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தார். அந்த வீடுகளில் கேட்டுக் கேட்டே இந்தியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டார். ஆனால் தேவநாகரி எழுத்து தெரியாது. ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்திருந்ததால் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். எண்கள் மட்டும் அவருக்கு அத்துப்படி. சம்பளக் கணக்கு, ரேஷன் அளவு, பேருந்துத் தடம் எதிலும் அவரை ஏமாற்ற முடியாது. எட்டாம் வகுப்புவரை என் மதிப்பெண் அட்டையை அவரே படித்தார். "போன தடவ எழுவத்தொன்னு, இப்ப அறுவத்தெட்டு. ஏன் பாப்பா கொறஞ்சிடுச்சி?" என்று கேட்பார். பாடத்தின் பெயரை மட்டும் நான் சொன்னால் போதும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தது 2010இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையை அறிமுகப்படுத்தியிருந்தது. ஆண்டுக்கு நான்கு வளரறி மதிப்பீடுகள், ஒவ்வொன்றுக்கும் 10 விழுக்காடு; இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகள், இரண்டுக்கும் சேர்த்து 60 விழுக்காடு. மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஏ1 முதல் இ2 வரை ஒன்பது தரநிலைகள். வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, கலை, உடற்கல்வி ஆகியவையும் மதிப்பிடப்பட்டு, அவற்றுக்கு எதிரே விவரிப்பு வாக்கியங்கள் எழுதப்பட்டன. ஓரிரு மதிப்பெண் வேறுபாட்டுக்காகப் பிள்ளைகள் வதைபடுவதைத் தணிக்க வேண்டும், பாடநூலுக்கு வெளியிலும் மாணவரைக் காண வேண்டும் என்ற அதன் நோக்கத்தில் இன்றும் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை.

அந்த ஆண்டின் முதல் அட்டை வந்த இரவு, அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது, நம்பரே இல்லியே?" என்றார். முந்தைய அட்டையைவிட அது என்னைப் பற்றி எத்தனையோ மடங்கு அதிகமாகப் பேசியது. அவரிடமோ எதுவுமே பேசவில்லை. அட்டை என் கைக்கு வந்தது. கணக்கில் சி2, அதாவது 41க்கும் 50க்கும் இடையில். கடைசிப் பக்கத்தில் கணித ஆசிரியை தம் கையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: முன்வரிசையில் அமர்ந்தும் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்து மாணவியின் ஏட்டைப் பார்த்தே எழுதுகிறாள், கண்ணைப் பரிசோதிப்பது நல்லது, பெற்றோர் வந்து சந்திக்கவும்.

நான் மொழிபெயர்த்தேன்: "அமைதியான பொண்ணு, இன்னும் கொஞ்சம் படிக்கணும்னு எழுதியிருக்காங்கம்மா."

பள்ளிக்கு வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் நான்கு வீட்டிலும் பிடிக்கப்படும் என்பது ஒரு காரணம். பார்த்து எழுதுகிறேன் என்ற செய்தி வீட்டுக்கு வருவதில் இருந்த வெட்கம் இன்னொரு காரணம். அம்மா தலையசைத்துவிட்டு, ஆங்கிலமும் இந்தியும் அச்சிட்டிருந்த அந்தத் தாளின் கீழே தமிழில் கையெழுத்திட்டார். பெற்றோர் படித்துவிட்டதற்கான அத்தாட்சியாக அது பள்ளிக்குத் திரும்பிச் சென்றது.

முதுகலையில் ஆலன் பெல் 1984இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. பேசுபவர் தம் நடையைக் கேட்போருக்கேற்ப அமைத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். என் அட்டையின் மொழி யாரைக் கேட்போராகக் கொண்டு அமைந்தது? 'பெற்றோருக்கு' என்று முகவரி இருந்தது. மொழியோ வாரியத்துக்கும் ஆய்வாளருக்கும் கோப்புக்கும் உரியதாக இருந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பதை 'மொழித்தரகு' என்று ஆய்வாளர்கள் அழைக்கின்றனர். மருத்துவமனையிலும் வங்கியிலும் அந்தத் தரகர் பிறருடைய செய்தியைச் சுமக்கிறார். முன்னேற்ற அறிக்கையிலோ குற்றம் சாட்டப்பட்டவரே மொழிபெயர்ப்பாளர். அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது அறமாக இருக்கலாம்; ஏற்பாடாக இருக்க முடியாது.

ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு குளிர்காலக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். "அங்க வர்றது நம்ம பஸ்ஸா பாரு" என்றார் அம்மா. எண் தெரியவில்லை. பனி மறைக்கிறது என்றேன். "பனி எங்க இருக்கு? வெயில் அடிக்கிது. எனக்கே தெரியிது, ஒனக்குத் தெரியலியா?" என்றவர், அடுத்தடுத்து வந்த மூன்று பேருந்துகளின் எண்களையும் என்னிடம் கேட்டார். மறுநாள் நான்கு வீடுகளிலும் விடுப்புச் சொல்லிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரு கண்களிலும் மைனஸ் இரண்டரை. நான் கணிதத்தை விட்டு மொழியியலுக்கு வந்ததற்குக் கண்ணாடிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்பின் பெரும்பகுதிவரை கரும்பலகை எனக்கு வெறும் கரும்பலகையாகவே இருந்தது.

2016 ஜூலை இறுதியில் தில்லி அரசு தன் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில் பெற்றோர் – ஆசிரியர் சந்திப்பை நடத்தியது. தம்பிக்காக அம்மா சென்றுவந்தார். அவனுடைய ஆசிரியர் இந்தியில் பத்து நிமிடம் பேசினார். அம்மாவும் இந்தியிலேயே பதில் கேள்வி கேட்டார். வீடு திரும்பி, தம்பி எந்தப் பாடத்தில் எங்கே தடுமாறுகிறான் என்று எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த நான், ஆறு ஆண்டுகளாக மறைத்ததை அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. சற்று நேரம் கழித்து, "ஒன்னத்தான கேட்டேன் பாப்பா. வேற யாரப் போயி நான் கேப்பேன்?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

2017–18இல் அந்த மதிப்பீட்டு முறை கைவிடப்பட்டது. 2018இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. ஆசிரியரின் பணிச்சுமை, கற்றல் தரம், தேர்வு அச்சம் ஆகியவை பற்றி நிறைய விவாதித்தோம். அறிக்கை எந்த மொழியில், எந்த வடிவில் வீட்டை அடைகிறது என்பதை நாம் போதிய அளவு விவாதிக்கவில்லை. அரசமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதி பற்றிப் பேசுகிறது. பள்ளி அவர்களுடைய பெற்றோரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பது பற்றி அதில் ஏதுமில்லை. புதிய அட்டை முந்தையதைவிடச் சொற்கள் மிகுந்தது. சொற்கள் மிகும்போது, எண்ணை மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய் மேலும் தொலைவுக்குத் தள்ளப்படக்கூடும்.

எண்களுக்கே திரும்புவோம் என்று நான் வாதிடவில்லை. விவரிப்பு வாக்கியங்களில் பெரும்பாலானவை வாய்பாடு போன்றவை. ஒருமுறை கவனமாக மொழிபெயர்த்துவிட்டால் எல்லா மொழிகளிலும் அச்சிடலாம். மொழியியல் துறைகள் எளிதில் செய்யக்கூடிய பணி இது. ஆனால் என் அட்டையின் மிகச் சிறந்த வாக்கியம் எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஒரு ஆசிரியை என்னைக் கவனித்துப் பார்த்து எழுதியது. அத்தகைய வாக்கியங்களுக்குக் குரல் வேண்டும். பெற்றோருக்குப் புரியும் மொழியில் ஒரு தொலைபேசி அழைப்பு, இல்லையேல் ஒரு நிமிடக் குரல்பதிவு.

பி.எட். முடித்துப் பள்ளிகளுக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிக்கையில் பெற்றோரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டியவர் யார் என்றும் ஒருமுறை கேளுங்கள்.