மாம்பலத்தில் மூன்று மணி நிசப்தம்

மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நீங்கள் ஒரு நாளாவது தங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால், சத்தம் என்றால் என்னவென்றே உங்களுக்குத் தெரியாது என்று தைரியமாகச் சொல்வேன். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் பாதை அது. பாதைக்கு அந்தண்டை ரங்கநாதன் தெருவின் ஜனசமுத்திரம். இந்தண்டை என் அக்காவின் வீடு. ரயில் ஓய்ந்தால் ஆட்டோ, ஆட்டோ ஓய்ந்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் என்று முறை வைத்துக்கொண்டு முழங்கும்.

அந்த வீட்டில்தான் போன மாதம் ஒரு பாட்டைப் பதிவு செய்தோம்.

பாடியவர் அக்காவின் மாமியார். வயது எண்பத்து நாலு. அவருடைய அம்மா பாடிய தாலாட்டு ஒன்று அவருக்குத் தெரியும். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவர் தொண்டையில் மட்டுமே இருக்கிறது. மார்கழியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அந்தத் தொண்டையும் மெலிந்துகொண்டே வருகிறது. "இப்போ எடுக்கலேன்னா அப்புறம் எப்போ, சித்தி?" என்றாள் அக்கா பெண். கிதார் வாசிக்கிறவள், தாலாட்டுக்குத் தானே பக்கவாத்தியம் வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஒலிப்பதிவு நிலையத்துக்குப் போகலாம் என்றால் மாடிப்படி ஏற மாமிக்கு முழங்கால் இடம் கொடுக்காது. ஆகவே, நிலையம் வீட்டுக்கு வந்தாக வேண்டும்!

சென்னைக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. பேசும் படம் வந்த புதிதில் நடிகர்கள் காமிராவுக்கு முன்னாலேயே பாட வேண்டும். நடுவில் ஒரு காக்காய் கரைந்தால் காட்சி பாழ். அந்தக் காலத்தில், 1934-ல் வந்த 'ஸ்ரீனிவாச கல்யாணம்' படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் ஒரு பெண்மணி, மீனாட்சி நாராயணன். அவர் சமாளித்த ஊரில் நாம் சமாளிக்க மாட்டோமா என்று துணிந்தோம்.

முதலில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டலாம் என்றார் அத்திம்பேர். பெண் சிரித்தாள். வெளிச் சத்தத்தைத் தடுப்பது கனம்தான். கனமான சுவர், கனமான கதவு. அட்டைக்கு அந்தச் சக்தி ஏது? ஜன்னல் இடுக்கிலும் கதவுக்கு அடியிலும் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தாள். மாமியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு ரஜாயைக் கொடியில் தொங்கவிட்டாள். அது தெருவைத் தடுக்க அல்ல. அறைக்குள்ளேயே சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் இருக்க.

அவளிடம் இரண்டு மைக் உண்டு. ஒன்று கண்டென்ஸர். அது ரொம்பக் காது கூர்மை. நாலாவது வீட்டுக் கறிவேப்பிலை பேரத்தைக்கூடக் கேட்டுச் சொல்லும். மற்றது டைனமிக். வாயருகே வைத்தால் போதும், மற்றதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதையே எடுத்தாள். அதற்கு முன்பக்கம் காது, முதுகுப்பக்கம் செவிடு. முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, மாமியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாள். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும். தெருச் சத்தமோ இருந்த இடத்திலேயே இருக்கும். கிட்டே வந்தால் 'ப' என்கிறபோது காற்று அடிக்குமே? அதற்கு அக்காவின் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவே நிறுத்தினாள். கடையில் விற்பதற்குக் கொஞ்சமும் குறைவில்லை.

நேரம்? மாமிக்கு எப்படியும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். மாம்பலம் தூங்குகிற நேரமும் அதுதான்.

மூன்று மணிக்கு மின்விசிறியை நிறுத்தினோம். ஃபிரிட்ஜையும் நிறுத்தி, ஸ்கூட்டர் சாவியை அதற்குள்ளே வைத்தாள் பெண். "காலம்பர சாவியைத் தேடறச்சே ஃபிரிட்ஜ் ஞாபகம் வரும், சித்தி!" அரை நிமிஷம் வெறும் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்தாள். கம்ப்யூட்டர் அதைக் கற்றுக்கொண்டு பின்னால் இரைச்சலைக் கழித்துவிடுமாம். அதிகம் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுமாம்; உப்பு மாதிரி அளவோடு வேண்டும்.

முதல் தடவை நாய் கெடுத்தது. இரண்டாம் தடவை மாமியே பாதியில் நிறுத்தி, "பதிவாறதாடி?" என்று கேட்டுக் கெடுத்தார். மூன்றாம் தடவை குரல் மலர்ந்து வந்தது. நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. நடுச்சரணத்தில், எங்கிருந்தோ வந்த எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடந்தது. பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாமி பதறவே இல்லை. வாயை மூடினார். வண்டி போகட்டும் என்று காத்திருந்தார். கடைசிப் பெட்டியின் ஓசை அடங்கியதும் விட்ட சொல்லிலேயே, விட்ட சுருதியிலேயே மறுபடி தொடங்கினார். ஐம்பது வருஷமாக அந்த வீட்டில் பேச்சும் சண்டையும் அப்படித்தானே நடந்திருக்கின்றன! எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை. ரயில் விழுந்தது மௌனத்தின் மேல்; பாட்டின் மேல் ஒரு துளியும் விழவில்லை. மௌனத்தை வெட்டி எடுத்துவிட்டால் முடிந்தது.

கிதாரை மறுநாள் ராத்திரி தனியாக எடுத்தாள். பாட்டியின் சுருதிக்கு ஏற்பக் கழுத்தில் கேப்போவை மாட்டி, ஹெட்போனில் தாலாட்டைக் கேட்டபடியே வாசித்தாள். கிதாரின் வட்டத் துளைக்கு நேரே மைக் வைத்தால் குடம் மாதிரி முழங்கும் என்று, கழுத்தும் உடலும் சேருகிற இடத்துக்கு எதிரே வைத்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டு ஒரே ஒரு தொண்டையில் இருக்கலாம். தெரு அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், தெரு அடங்காது. பழைய ரஜாயும், ஒரு மைக்கும், மூன்று மணிக்கு எழுந்திருக்கும் மனசும் போதும்.

வேலை முடிந்ததும் மாமியின் காதில் ஹெட்போனை மாட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுச்சரணம் வந்ததும் சட்டென்று விழித்தார்.

"அந்த வண்டி எங்கேடி?"

"வெட்டிட்டேன், பாட்டி."

மாமி பேத்தியை மேலும் கீழும் பார்த்தார். "ஐம்பது வருஷமா என்னால நிறுத்த முடியாத ரயிலை ஒரு நிமிஷத்திலே நிறுத்திட்டியே! போ, போய் ஃபிரிட்ஜைப் போடு. பால் திரிஞ்சுடப் போறது."